அலுவலகத்தில் ஒரு நியாயம், வீட்டில் ஒரு நியாயம்

அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு வந்துவிட்டால், நியமன உத்தரவில் இல்லாத இன்னொரு வேலையும் தானாக ஒட்டிக்கொள்ளும். கூட வேலை பார்ப்பவர்களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் நாம்தான் பொறுப்பு. லிஃப்ட்டுக்குள் கேட்பார்கள், மதிய இடைவேளையில் கேட்பார்கள். ஒருமுறை, ஓய்வுபெறுகிறவரின் வழியனுப்பு விழாவில், அந்த ஓய்வுபெறுகிறவரே கேட்டார்: “தம்பி, புது விண்டோஸ் போடச் சொல்லி வந்துகிட்டே இருக்கு. போட்டுடலாமா?”

போடலாம், வேண்டாம் என்று ஒரு சொல்லில் பதில் வேண்டும் எல்லோருக்கும். நான் முதலில் திருப்பிக் கேட்பது, “வந்தது என்னன்னு படிச்சீங்களா?” என்பதுதான். மாதாமாதம் வரும் பாதுகாப்புத் திருத்தமா, அல்லது விண்டோஸ் 10 போய் 11 வரப்போகும் பெரிய மாற்றமா? பெரும்பாலும் யாரும் படித்திருப்பதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டும் திரையின் ஒரே மூலையிலிருந்து, ‘இப்போதா, பிறகா’ என்ற ஒரே கேள்வியோடுதான் வருகின்றன.

எங்கள் வேலையில் இந்த இரண்டுக்கும் வேறு வேறு வேகம். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட்டின் திருத்தங்கள் வெளியாகும். முதலில் எங்கள் பிரிவிலுள்ள சில கம்ப்யூட்டர்களில் போட்டுப் பார்ப்போம். எதுவும் உடையவில்லை என்றால் சில நாட்களில் எல்லாவற்றுக்கும் போய்விடும். யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஆனால் ஓஎஸ்ஸையே, அதாவது விண்டோஸ் பதிப்பையே, மாற்றுவது என்றால் அவசரமே கிடையாது. எந்தெந்த மென்பொருள் ஓடும், எந்த பிரிண்டர் அடம்பிடிக்கும் என்று பட்டியல் போட்டு, ஒரு துறையை மட்டும் மாற்றி, அவர்கள் திட்டுவதையெல்லாம் குறித்துக்கொண்டு, பிறகுதான் அடுத்த துறை. 2001இல் வந்த எக்ஸ்பியிலிருந்து 2009இல் வந்த விண்டோஸ் 7க்கு நேராகத் தாவிய நிறுவனங்கள் ஏராளம். நடுவில் 2007இல் விஸ்டா என்று ஒன்று வந்ததையே பல அலுவலகங்கள் கண்டுகொள்ளவில்லை. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. எக்ஸ்பிக்கான திருத்தங்கள் 2014 ஏப்ரல் வரை வந்துகொண்டுதான் இருந்தன.

வீடுகளில் இது அப்படியே தலைகீழாக நடக்கிறது. மாதாந்திரத் திருத்தத்தை ‘பிறகு’, ‘பிறகு’ என்று தள்ளிக்கொண்டே போவார்கள். ரீஸ்டார்ட் ஆவதற்குள் சீரியலே முடிந்துவிடும் என்பார் ஒருவர். அதே மனிதர், புதுப் பதிப்பு வெளியான அன்றே அதை ஏற்றிவிட்டு மறுநாள் என்னிடம் வந்து நிற்பார். இல்லையென்றால் இன்னொரு ரகம்: ஓடுகிற வரை ஓடட்டும், எதையும் தொடவே கூடாது என்று இருப்பவர்கள். முதல் ரகத்தைவிட இரண்டாவது ரகத்தைத்தான் எனக்குப் பிடிக்கும். ஆனால் இருவருமே வேகத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள்.

2017 மே 12ஆம் தேதி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியதை எங்கள் தொழிலில் இருக்கும் யாரும் மறக்க மாட்டார்கள். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் கம்ப்யூட்டர்கள் பூட்டிக்கொண்டு சிகிச்சைகள் தள்ளிப்போயின. அன்று தொலைக்காட்சியில் பேசிய எல்லோரும் ‘பழைய எக்ஸ்பியை இன்னும் வைத்திருப்பதால் வந்த வினை’ என்றார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது, மாட்டிக்கொண்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 என்று தெரிந்தது. விண்டோஸ் 7க்கு அப்போது ஆயுள் இருந்தது, திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்திருந்தது. இரண்டு மாதம் யாரோ ‘பிறகு’ என்று அழுத்தியிருக்கிறார்கள். அவர்கள் விண்டோஸ் 10க்கு மாறியிருக்க வேண்டியதில்லை; இருந்த 7ஐ ஒழுங்காக வைத்திருந்தாலே போதும்.

மறுபக்கத்துக்கும் சாட்சி இருக்கிறது. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு ஒரு பெரிய பதிப்பு வந்தது. அதை முதல் வாரத்திலேயே ஏற்றியவர்கள் சிலருக்கு டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் இருந்த கோப்புகள் காணாமல் போயின. டாக்குமென்ட்ஸை வேறு டிரைவுக்குத் திருப்பிவிட்டு, பழைய இடத்திலும் சில கோப்புகளை விட்டுவைத்திருந்தவர்களுக்கு அப்படி ஆனது. பழைய ஃபோல்டர் இனி தேவையில்லை என்று ஓஎஸ் தானாக முடிவு செய்து துடைத்துவிட்டது. சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்தார்கள். சரிசெய்து மறுபடி வெளியிட்டது நவம்பர் 13இல். ஒன்றரை மாதம் சும்மா இருந்தவருக்கு இது வெறும் செய்தி. அதனால்தான் புதுப் பதிப்பு வந்ததும் “ஒரு ஆறு மாசம் போகட்டும் சார்” என்பேன். கேட்பவருக்கு அது சோம்பேறியின் பதிலாகத் தெரியும்.

சரி, ஆறு மாதம் போய்விட்டது. பிறகு? அப்போது கேட்க வேண்டியது, அந்தக் கம்ப்யூட்டரில் அவர் என்ன செய்கிறார் என்பது. இங்கேதான் பேச்சு சுவாரஸ்யமாகும். ‘எல்லாரும் செய்யறதுதான் சார், மெயில், யூடியூப்’ என்று தொடங்குவார்கள். கொஞ்சம் நோண்டினால் வேறு ஏதாவது வெளியே வரும்.

ஒரு சக ஊழியரின் மனைவி வீட்டிலேயே எம்பிராய்டரி மெஷின் வைத்துத் தொழில் செய்கிறார். டிசைன்களை உருவாக்கும் மென்பொருளை வெகுநாளைக்கு முன்பு சிடியில் வாங்கியிருக்கிறார்கள். கூடவே யூஎஸ்பியில் செருகும் ஒரு டாங்கிள். அது செருகப்பட்டிருந்தால்தான் மென்பொருள் திறக்கும். கம்ப்யூட்டரில் இருந்தது 32 பிட் விண்டோஸ் 7, அதாவது இன்றைய 64 பிட்டுக்கு முந்தைய வகை. கணவர் வந்து, “பழசா இருக்கு, லெவனுக்கு மாத்திடலாம்னு இருக்கேன்” என்றார். மாற்றலாம்தான். ஆனால் விண்டோஸ் 11க்கு 32 பிட் வடிவமே கிடையாது. 32இலிருந்து 64க்கு இருந்த இடத்திலேயே ஏறவும் முடியாது. துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். அப்புறம் அந்த டாங்கிளை விண்டோஸோடு பேசவைக்கும் பழைய டிரைவர் நிரல் 64 பிட்டில் ஏறாது. மென்பொருளை விற்ற நிறுவனத்துக்கு எழுதினால், புதுப் பதிப்பை முழு விலை கொடுத்து வாங்குங்கள் என்று பதில் வந்தது.

கணவரோடு பேசியது போதாது என்று அந்த அம்மாவிடமே போனில் பேசினேன். அவர் இரண்டே நிமிடத்தில் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். “அண்ணா, எனக்கு இன்டர்நெட் அந்த மெஷின்ல வேண்டவே வேண்டாம். டிசைனை பென் டிரைவ்ல கொண்டுவந்துக்கறேன்” என்றார். அதுதான் சரியான முடிவு. பழைய கம்ப்யூட்டரின் வைஃபையை அணைத்தோம், பென் டிரைவ் செருகியதும் எதுவும் தானாக ஓடாதபடி செய்தோம், அதை டிசைனுக்கு மட்டும் என்று ஒதுக்கினோம். ஹார்ட் டிஸ்க்கை அப்படியே படியெடுத்து வைத்தோம். மெயிலும் வங்கிக் கணக்கும் வேறு லேப்டாப்புக்குப் போயின. விண்டோஸ் 7க்கான திருத்தங்கள் 2020 ஜனவரி 14உடன் நின்றுவிட்டன என்பது உண்மைதான். ஆனால் வெளியுலகத்தோடு பேசாத கம்ப்யூட்டருக்கு அந்தத் தேதி அவ்வளவு முக்கியமில்லை. இதே கம்ப்யூட்டரில் அவர் வங்கிக் கணக்கையும் பார்ப்பதாக இருந்திருந்தால், மென்பொருளுக்கு மறுபடி பணம் கட்டுங்கள் என்று கறாராகச் சொல்லியிருப்பேன்.

மேக் வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்று நினைத்துக்கொள்வதுண்டு. 2019இல் கேட்டலினா என்ற மேக் ஓஎஸ் பதிப்பு வந்தபோது 32 பிட் மென்பொருள்கள் மொத்தமாக ஓடாமல் போனது அவர்களுக்கு நினைவிருக்கும்.

வேகத்துக்காக மாற்ற நினைப்பவர்களும் உண்டு. ‘ரொம்ப ஸ்லோவா இருக்கு சார், புது ஓஎஸ் போட்டா வேகமாகும்ல?’ ஆகாது. பழைய, சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 10ஏ திணறும், 11 இன்னும் திணறும். அதைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் போட்டால் அதே ஓஎஸ் வேறு கம்ப்யூட்டர் மாதிரி ஓடும். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ரேம் போதும் என்று எழுதியிருப்பார்கள். அது திறக்கப் போதும், வேலை செய்யப் போதாது. 8 ஜிபிக்குக் கீழே யாருக்கும் நான் சிபாரிசு செய்வதில்லை.

இத்தனை நாள் இந்த இரண்டு வேகக் கணக்கை வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பதில் சொல்லிவந்தேன். 2025 அக்டோபர் 14 அதைக் கலைத்துவிட்டது. அன்றோடு விண்டோஸ் 10க்கு இலவசத் திருத்தங்கள் பொதுவாக நின்றன. மெதுவாக மாறலாம் என்று நான் சொன்னதெல்லாம் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் வரைதான். அவை நின்றுவிட்டால், மாறுவதுதான் பாதுகாப்பு. சிக்கல் என்னவென்றால், ஆயுள் முடிந்த மறுநாள் காலையிலும் கம்ப்யூட்டர் வழக்கம்போலவே திறக்கும். எதுவும் ஆகவில்லையே என்று தோன்றும். பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். விண்டோஸ் 7க்கு அப்படித்தான் நடந்தது: 2020இல் திருத்தங்கள் நின்றன, 2023இன் தொடக்கத்தில் குரோம் 109ஆம் பதிப்போடு கைகழுவியது.

இந்த முறை மாறலாம் என்று நினைத்தாலும் எல்லோராலும் மாற முடியாது என்பதுதான் புதுசு. ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், பிராசசர் இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். டிபிஎம் இல்லை என்று காட்டினால் உடனே மனம் தளர வேண்டாம். பல கம்ப்யூட்டர்களில் அது பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே திறக்கும் செட்டிங்ஸில், அணைந்து கிடக்கும், போய் இயக்கிவிட்டால் போதும். பிராசசர் பழையது என்றால் அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. இந்தத் தகுதிச் சோதனையை ஏமாற்றி ஏற்றும் குறுக்கு வழிகள் இருக்கின்றன. அப்படி ஏற்றினால் திருத்தங்கள் வருமென்று உத்தரவாதமில்லை என மைக்ரோசாஃப்ட்டே சொல்லிவிட்டது. திருத்தம் வேண்டும் என்பதற்காகத்தானே மாறுகிறோம், அதற்கே உத்தரவாதமில்லாத வழியில் போவானேன்? குறுக்கு வழியில் 11 ஏற்றிய மிகப் பழைய கம்ப்யூட்டர்கள் சில, 2024 அக்டோபரில் வந்த பதிப்புக்குப் போக முடியாமலே நின்றுவிட்டன. அந்தப் பதிப்புக்குத் தேவையான ஒரு கட்டளையே அவற்றின் பிராசசர்களில் இல்லை.

தகுதியில்லாத கம்ப்யூட்டருக்கு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் ஓஎஸ் நல்ல வழி. உபுண்டு, மின்ட் என்று அதில் பல வகை. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகளுக்கு ஐந்து வருடம் திருத்தங்கள் வரும். மின்ட், விண்டோஸ் பழகியவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். பிரவுசரிலேயே எல்லா வேலையையும் முடித்துக்கொள்பவருக்குத் தாராளமாகச் சொல்வேன். ஆனால் என்னைப் பொறுத்தவரை ஒரு நிபந்தனை உண்டு. அவருக்கு ராத்திரி பிரிண்டர் ஓடவில்லை என்றால் போனை எடுக்க நான் தயாராக இருக்க வேண்டும். தயாரில்லை என்றால் சொல்லக் கூடாது. லினக்ஸை ஆர்வமாகப் போட்டுக்கொடுத்துவிட்டு ஆளையே காணோம் என்றாகிவிட்ட நண்பர்களைப் பற்றிய புகார்கள் என்னிடம்தான் வருகின்றன.

மாறுவது என்று முடிவாகிவிட்டால் நான் பிடிவாதமாக இருப்பது பேக்கப்பில். வெளியே இருக்கும் டிஸ்க்கில் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு அதிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பார்க்க வேண்டும். டிஸ்க் என்கிரிப்ட் ஆகி, சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தேடி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பாதியில் கேட்கும்போது தேடினால், தேட வேண்டிய இடமே பூட்டியிருக்கும். 11 பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு. ஆகவே முதல் வாரத்திலேயே பிரிண்டர், ஸ்கேனர், கேமரா, அலுவலக விபிஎன் என்று எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடச் சொல்வேன். இடம் காலி செய்கிறேன் என்று டிஸ்க் கிளீனப்பை ஓட்டி, திரும்பும் வழியையே அழித்துவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

அலுவலகத்தில் பதிப்பை மாற்றும்போது பயிற்சி என்று அரை நாள் ஒதுக்குவோம். வீட்டில் அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. விண்டோஸ் 11இல் ஸ்டார்ட் பட்டன் நடுவுக்கு நகர்ந்தது எனக்கு ஒரு நாள் எரிச்சல். ஒவ்வொரு ஐகானின் இடத்தையும் கைப்பழக்கமாக வைத்திருப்பவருக்கு அது அப்படியல்ல. பெரியவர்களுக்கு மாற்றிக்கொடுக்கும்போது செட்டிங்ஸுக்குப் போய் டாஸ்க்பாரை முதலில் இடதுபக்கம் தள்ளிவிடுவேன். டெஸ்க்டாப்பில் ஐகான்களைப் பழைய வரிசையிலேயே அடுக்கிவிடுவேன். பாதுகாப்பைப் பற்றி எவ்வளவு விளக்கினாலும் வராத நம்பிக்கை அதில் வந்துவிடுகிறது.

இப்போது என் கையில் தீராமல் இருப்பது அப்பாவின் கம்ப்யூட்டர். ஆறாம் தலைமுறை இன்டெல், எஸ்எஸ்டி போட்டது, நன்றாகவே ஓடுகிறது. 11க்குத் தகுதியில்லை. விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டுப் பயனர்களுக்கென்று மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கும் நீட்டிப்பில் பதிந்திருக்கிறேன். 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். அதற்குள் மின்டா, புதுக் கம்ப்யூட்டரா என்று முடிவெடுக்க வேண்டும். அவர் புகைப்படங்களை ஸ்கேன் செய்து ஒழுங்குபடுத்தி வருகிறார். ஆகவே மின்டை பென் டிரைவிலிருந்து ஓட்டி, அவருடைய ஸ்கேனரைச் செருகிப் பார்த்தேன். ஸ்கேனர் ஓடியது, ஆனால் அவர் பழகிய புகைப்பட மென்பொருளுக்கு அங்கே சரியான மாற்று இல்லை. எது வேண்டும் என்று அவரிடமே கேட்டேன். “இப்ப இருக்கறதுக்கு என்ன குறை?” என்றார். அவர் ஸ்கேன் செய்து முடிக்கும் வரை இதே ஓடட்டும் என்று இப்போதைக்குப் பேசி வைத்திருக்கிறோம். இன்னும் இரண்டு ஆல்பம் பாக்கி.