குலைக்கு டிக்கெட் இருக்கு, அம்மாவுக்கு இல்ல

காலைல அஞ்சு மணி இருக்கும், அம்மா அடுப்படி தரையில உக்காந்திருக்காங்க, நைட்டி முழுக்க வேர்வை, "மண்டோர் வந்துட்டாருடா, என் வாளி எங்க"ன்னு கேக்குறாங்க. மண்டோர்னா தோட்டத்து மேஸ்திரி. அம்மா பால் மரம் (ரப்பர்) வெட்டுறத விட்டு 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் பக்கவாதமோன்னு நடுங்கிப் போயிட்டேன், தங்கச்சிதான் ஓடிப் போயி சீனி பாக்குற மெஷின எடுத்துட்டு வந்து விரல்ல குத்துனா, 2.3 காட்டுது. (தமிழ்நாட்டு சொந்தக்காரங்க படிச்சா 18ஆல பெருக்கிக்கோங்க, உங்க கணக்குல 41 வரும். இங்க மலேசியால மில்லிமோல் கணக்கு, 4க்குக் கீழ போனாலே கொறஞ்சிடுச்சுன்னு அர்த்தம்.) முழுங்க முடிஞ்சதால சீனித்தண்ணி கரைச்சு குடுத்து, கார்ல போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம்.

அவசரப் பிரிவுல சின்ன வயசு டாக்டர், மலாய்க்காரப் பொண்ணு, மொத கேள்வியே "என்னென்ன மருந்து சாப்பிடுறாங்க?" நான் கையில இருந்த பிளாஸ்டிக் பைய அப்படியே மேசையில கொட்டுனேன். மாத்திரை அட்டை, பேர் அழிஞ்ச பொட்டலம், எப்ப வாங்குனதுன்னே தெரியாத பாட்டில் எல்லாம் இருந்துச்சு. அந்தப் பொண்ணு திட்டல, ஒன்னொன்னா எடுத்து வெளிச்சத்துல பாத்து ரெண்ட மட்டும் தனியா வச்சாங்க. ஒன்னு அரசாங்க கிளினிக்ல குடுத்த கிளிக்கிளசைட், இன்னொன்னு டவுன்ல ஒரு தனியார் கிளினிக்ல வாங்குன கிளிபென்கிளமைட். பேரு வேற, குடும்பம் ஒன்னு, ரெண்டுமே கணையத்த அடிச்சு இன்சுலின் வரவைக்கிற மாத்திரை. நடந்தது என்னன்னா, அரசாங்க கிளினிக் தேதிய அம்மா தவற விட்டாங்க, மருந்து தீந்து போச்சு, பக்கத்துல இருந்த தனியார் கிளினிக்ல வாங்கிக்கிட்டாங்க, அப்புறம் மறுபடி அரசாங்க கிளினிக் போனப்ப அதையும் குடுத்தாங்க, ரெண்டையும் சாப்பிட்டாங்க. ரெண்டு இடத்துலயும் டாக்டருங்க மேல தப்பு சொல்ல முடியாது, ஒருத்தர் குடுத்தது இன்னொருத்தருக்குத் தெரிய வழியே இல்ல. இந்த வகை மாத்திரையில சீனி எறங்குனா ஒரு தடவ ஏத்தி விட்டாலும் மறுபடி எறங்குமாம், அதனால ரெண்டு நாள் வார்டுலயே வச்சிருந்தாங்க.

அந்த ரெண்டு ராத்திரியும் வார்டு நாற்காலில உக்காந்து யோசிச்சது ஒன்னுதான். நான் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில தராசுக் கிராணி, எடை போட்டு எழுதுற குமாஸ்தா. லாரி உள்ள வந்தா எடை, குலைய எறக்கிட்டு வெளிய போறப்ப மறுபடி எடை, டிக்கெட்ல எந்தத் தோட்டம், எந்த ப்ளாக், எந்த டிரைவர், எத்தன மணி எல்லாம் வந்துடும். பத்து பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ ஒவ்வொரு ப்ளாக்லயும் குலை வெட்டணும், ஒரு ப்ளாக்ல இருந்து குலை வரலன்னா ஆபீஸ்ல இருந்து மண்டோருக்கு போன் போகும், என்னாச்சுன்னு. அம்மா நடுவுல ஏழு மாசம் அரசாங்க கிளினிக் போகல, ஒரு போன் இல்ல. செம்பனைக்கு இருக்குற மரியாதை அதுக்கு முன்னாடி பால் வெட்டுன மனுஷிக்கு இல்லையான்னு கோவம் வந்துச்சு. கோவத்த ஒதுக்கி வச்சுட்டு, சரி, அம்மா பதிவு எல்லாத்தையும் ஒரே எடத்துக்குக் கொண்டு வந்துடுவோம்னு எறங்குனேன். ஒரு வாரத்துல முடியும்னு நெனச்சேன், அஞ்சு மாசம் ஆச்சு.

மொத தோட்ட ஆஸ்பத்திரி. அம்மாவுக்கு இனிப்பு நீர்னு (நீரிழிவு) மொதல்ல கண்டுபிடிச்சதே தோட்டத்து ட்ரெசர்தான், டாக்டருக்கு பதிலா மருந்து குடுக்குற உதவியாளர், பெரிய நீளப் புத்தகத்துல எல்லாத்தையும் எழுதி வைப்பாரு. தோட்டம் கை மாறி, பால் மரத்த வெட்டி செம்பனை போட்டு, லயத்த (தொழிலாளிங்க வரிசை வீட்ட) ஒடச்சு, ஆளுங்கள தாமானுக்கு (குடியிருப்புக்கு) அனுப்புனப்ப அந்தப் புத்தகம் எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியல. கட்டடம் இன்னும் நிக்குது, உள்ள சாப்பிடுற குருவிக் கூடு வளக்குறாங்க. அதனால எந்த வருஷத்துல இருந்து இனிப்பு நீருன்னே அம்மா ஞாபகத்த வச்சுத்தான் சொல்லணும், "தங்கச்சி சடங்குக்கு முந்தின தீபாவளி"ன்னாங்க, அத வருஷமா மாத்தி எழுதிக்கிட்டேன்.

அடுத்து அரசாங்க கிளினிக். அங்க இனிப்பு நீர்க்காரங்களுக்கு ஒரு பச்சைப் புத்தகம் உண்டு, எச்பிஏ1சிங்கற ரத்தச் சீனி பரிசோதனை, சிறுநீரகம், கண்ணு, காலு எல்லாம் அதுலதான் எழுதுவாங்க. அருமையான புத்தகம், ஆனா அது கிளினிக்லயே இருக்கும், அம்மா கையில இருக்குறது அடுத்த தேதி எழுதுற சின்ன அட்டைதான். மிஸ்ஸிகிட்ட (நர்ஸ்கிட்ட) விஷயத்தச் சொல்லி கேட்டேன், கடைசி ரத்தப் பரிசோதனைய பிரிண்ட் எடுத்துக் குடுத்தாங்க. அப்பதான் போன் விஷயம் தெரிஞ்சுது. ஃபைல்ல இருந்த நம்பர் எங்கப்பா நம்பர். அப்பா தவறி நாலு வருஷம், சிம்மும் செத்துப் போச்சு. கிளினிக்ல கூப்பிட்டிருக்காங்க, ரெண்டு தடவ கூப்பிட்டதா குறிப்பே இருக்கு. போன் வரலன்னு ஆலைல நான் பொருமுனேனே, அந்தக் கோவத்துல பாதி அங்கயே கரைஞ்சு போச்சு.

தனியார் கிளினிக்ல இரும்பு டிராயர்ல கார்டு அடுக்கி வச்சிருப்பாங்க. அம்மா பேர்ல தேடுனா கார்டே இல்லன்னுட்டாங்க. ஐசில (அடையாள அட்டையில) நம்ம பொம்பளைங்களுக்கு பேரு, அப்புறம் அனாக் பெரம்புவான், அதாவது மகள், அப்புறம் தகப்பன் பேரு. இந்தக் கிளினிக்ல அம்மா புருஷன் பேரச் சொல்லிப் பதிஞ்சிருக்காங்க. பெரிய ஆஸ்பத்திரில பழைய ஐசி நம்பர். எழுத்து வேற, ஒரே லெட்சுமிய ரோமன் எழுத்துல நாலு விதமா எழுதுறவங்க நாம, பிறந்த பத்திரத்துல எழுதுன கிராணி காதுக்கு எப்படி விழுந்துச்சோ அப்படி. கம்ப்யூட்டருக்கு நாலும் நாலு பொம்பளைங்க. பதிவுகள ஒன்னா சேக்கணும்னு பெரிய பெரிய திட்டம் பேசுறவங்க மொதல்ல இந்தப் பேரு விஷயத்துக்கு வழி பண்ணணும், புது ஐசி நம்பர் ஒன்னுதான் நிலையானது, எல்லா கார்டுலயும் அத எழுத வச்சேன். தனியார் கிளினிக்ல மொத முகம் சுளிச்சாங்க. 2010ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல தன்னோட பதிவப் பாக்குற உரிமை ஆளுக்கு உண்டு, அத பணிவா சொன்னேன், அம்மாவையும் கையோட கூட்டிட்டுப் போயி கையெழுத்து போட வச்சேன், எழுதிக் குடுத்துட்டாங்க. அந்தச் சட்டம் அரசாங்கத்துக்குப் பொருந்தாதுங்கறது இன்னொரு வேடிக்கை. பெரிய ஆஸ்பத்திரில ஃபாரம், ஐசி காப்பி, கட்டணம், காத்திருப்பு, அவ்ளோதான் கதை.

இது புது யோசனையும் இல்ல. 1997லயே, மல்டிமீடியா சூப்பர் காரிடார்ங்கற அரசாங்கத்தோட பெரிய கம்ப்யூட்டர் திட்டம் வந்த காலத்துல, டெலிமெடிசின் திட்டம்னு போட்டு ஒவ்வொரு ஆளுக்கும் வாழ்நாள் ஆரோக்கியப் பதிவு வரும்னாங்க. 1999ல செலாயாங்ல பேப்பரே இல்லாத ஆஸ்பத்திரி தெறந்தாங்க. 2023ல நாடாளுமன்றத்துல வச்ச சுகாதார வெள்ளை அறிக்கையிலயும் அதே வாழ்நாள் பதிவு. நடுவுல கோவிட் வந்து மைசெஜாத்ராங்கற அரசாங்க ஆப் எல்லார் போன்லயும் ஏறிடுச்சு, தடுப்பூசி விவரம் அம்மாவுதும் அதுல இருக்கு, கிளினிக் தேதியும் அதுலயே எடுக்கலாம், நானே எடுத்தேன், நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா அன்னைக்கு காலைல அந்த டாக்டர் பொண்ணு கேட்ட கேள்விக்கு என் போன்ல பதில் இல்ல.

அதனால ஒரே ஒரு தாளு. மொத தடவ எட்டு பக்கம் அடிச்சேன், தினம் பாத்த சீனி நம்பர் எல்லாம் போட்டு, அழகா கலர் கட்டம். கிளினிக் டாக்டர் பொரட்டிப் பாத்து சிரிச்சாங்க, எனக்கு இத்தன வேணாம் லா, மருந்துப் பேரும் அளவும், ஒத்துக்காத மருந்து, கடைசி எச்பிஏ1சி, சிறுநீரக நம்பர், கண்ணு எப்ப பாத்தது, காலு எப்ப பாத்தது, இவ்ளோ போதும்னாங்க. எச்பிஏ1சி மட்டும் இருந்தா மூணு மாச சராசரி தெரிஞ்சுடும். சிறுநீரகம் ரொம்ப கொறஞ்சு போயிருந்தா மெட்ஃபார்மின்ங்கற சீனி மாத்திரையையே நிப்பாட்டணும், அதனால அந்த நம்பர் முக்கியம். முன்பக்கம் டாக்டருக்கு மலாய்ல. பின்பக்கம் அம்மாவுக்கு, அம்மா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளில மூணாவது வரைக்கும் படிச்சவங்க, மலாய் பேசுவாங்க, படிக்க வராது. சூரியன் போட்ட கட்டத்துல காலை மாத்திரை, நிலா போட்ட கட்டத்துல ராத்திரி மாத்திரை, பக்கத்துல தமிழ்ல "இனிப்பு நீருக்கு", "ரத்தக் கொதிப்புக்கு", "கொழுப்புக்கு". அம்மா வாய்விட்டுப் படிச்சுட்டு, "இது ரத்தக் கொதிப்பு மாத்திரையா, நான் கால் வலிக்குன்னுல்ல நெனச்சேன், வலி இல்லாத நாள்ல சாப்பிட மாட்டேன்"னாங்க. எத்தன வருஷமான்னு நான் கேக்கல.

இதோட நிறுத்தியிருக்கலாம். வெள்ளிக்கிழமை கோயில்ல அம்மா அந்தத் தாள எடுத்துக் காட்ட, எனக்கும் எழுதிக் குடு, எனக்கும் குடுன்னு ஆளு சேந்துடுச்சு. அங்கதான் நான் ஒரு முட்டாள்தனம் பண்ணேன், மாதிரிக்குன்னு அம்மா தாள படம் புடிச்சு தாமான் வாட்சாப் குரூப்ல போட்டேன். அதுல அப்பா போன பிறகு தூக்கம் வராம குடுத்த மனசு மாத்திரையும் இருந்துச்சு. அம்மா ரெண்டு நாள் என்கூட பேசல, சோறு போட்டு வச்சுட்டு ரூமுக்குப் போயிடுவாங்க. அதுக்கப்புறம் யாரு தாளும் என் போன்ல கிடையாது, அவங்கவங்க வீட்ல உக்காந்து எழுதி அவங்ககிட்டயே குடுத்துட்டு வந்துடுவேன். ஒரு அக்கா மருமகள வெளிய அனுப்பிட்டுத்தான் மாத்திரைப் பைய எடுத்தாங்க.

ஆனா எழுத எழுத ஒன்னு கண்ணுல பட்டுச்சு, தராசுல உக்காந்தவனுக்கு அது படாம இருக்காது. கண்ணுக் கட்டத்துல வீட்டுக்கு வீடு வெறும் கோடு. கண்ணுக்குள்ள படம் புடிக்கிறது வருஷத்துக்கு ஒரு தடவ பண்ணணும், பாதிக்கு மேல ஆளுங்களுக்கு எப்ப பண்ணதுன்னே ஞாபகம் இல்ல. பேரு இல்லாம, தெரு, வயசு, கடைசியா கிளினிக் போன மாசம், கண்ணு பாத்த வருஷம் மட்டும் ஒரு நோட்டுல எழுதி, அவங்க சம்மதத்தோட டாக்டர்கிட்ட கொண்டு போனேன்.

டாக்டர் சொன்னது எனக்குப் புதுசு. நாட்டுல நீரிழிவுப் பதிவேடு 2009ல இருந்தே இருக்குது, அரசாங்க கிளினிக் எல்லாம் அதுல ஏத்துறாங்க, வருஷா வருஷம் தணிக்கையும் நடக்குது, யாருக்கு கட்டுப்பாட்டுல இருக்கு, யாருக்கு கண்ணு பாத்தாச்சுன்னு. ஆனா அந்தக் கணக்கு தொடர்ந்து வர்ற நோயாளிங்க கணக்கு. வராம போனவங்க மெல்ல கணக்க விட்டே எறங்கிடுவாங்க. வீடு வீடா போயி எடுக்குற தேசிய ஆய்வுலதான் மிச்சம் தெரியும், 2019ல மலேசிய இந்தியர்ல பெரியவங்கள்ல 31 சதவீதத்துக்கு மேல இனிப்பு நீர், 2023ல நாடு மொத்தத்துக்கும் பெரியவங்கள்ல 15.6 சதவீதம். அந்த ஆய்வு நாட்டுக்குக் கணக்கு சொல்லும், எங்க தாமான்ல மூணாவது தெருவுல யாரு வரலன்னு சொல்லாது. கிளினிக்குக்கு வந்தவங்கதான் தெரியும். ரெண்டுக்கும் நடுவுல இருக்குற ஓட்டையிலதான் எங்காளுங்க விழுறாங்க. குலை வராத ப்ளாக் எதுன்னு சொல்ல தராசால முடியும்னா அது கையில எல்லா ப்ளாக் பேரும் இருக்குறதாலதான், வந்த லாரிய மட்டும் எண்ணிக்கிட்டு இருந்தா எனக்கும் தெரியாது.

ஏன் வரலன்னு கேட்டா பெரிய காரணம் ஒன்னும் இல்ல. கிளினிக் கட்டணம் காரணமே இல்ல, ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). வேன் இல்ல, கண்ணு படம் எடுக்குற மெஷின் வேற டவுன் கிளினிக்ல இருக்கு, போனா ஒரு நாள் சம்பளம் போகும், பேரப்புள்ளைய யாரு பாக்குறது, நம்பர் மாறிடுச்சு. ஒருத்தர், "மிஸ்ஸி திட்டும்"னாரு, சீனி ஏறியிருக்குன்னு திட்டுமாம், அதுக்குப் பயந்து ரெண்டு வருஷமா போகல, அறுபத்தஞ்சு வயசு ஆளு. டாக்டர் இதக் கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் எங்க தாமான் ஆளுங்களுக்கு கண்ணு பாக்க ஒரே நாள் வாங்கிக் குடுத்தாங்க, கோயில் கமிட்டில வேன் போட்டோம், 14 பேர் போனாங்க, ரெண்டு பேர பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. போன் நம்பர புதுசா வாங்குறதுக்கு இப்ப கவுண்டர்லயே ஒவ்வொரு தடவையும் கேக்குறாங்க, அது அவங்களா பண்ணது.

போன வாரம் கிளினிக்ல இருந்து மிஸ்ஸி எனக்கே போன் போட்டாங்க, மூணாவது தெரு பெரியம்மாவுக்கு நாலு தடவ கூப்பிட்டாச்சு, எடுத்து எடுத்து கட் பண்றாங்கன்னு. வேலை முடிஞ்சு மோட்டார்ல போனேன், பெரியம்மா வாசல்ல முறுக்குப் புழிஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

"யாரோ ஒருத்தி கிளினிக்குன்னு சொல்லி என் ஐசி நம்பர் கேக்குறாடா, ஸ்கேமர், நான் விடுவேனா, நல்லா வஞ்சுட்டு வச்சுட்டேன்."

செவ்வாக்கிழமை எட்டு மணிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன். மிஸ்ஸிய வஞ்சதுக்கு முறுக்கு ஒரு டப்பா கொண்டு வருவாங்களாம், இனிப்பு நீர் கிளினிக்குக்கு.