பங்கு கையில் இருந்தும் எக்ஸ்பைரியில் திணறவைத்த புட்

வாங்கிய புட் (ஒரு பங்கைக் குறித்த விலைக்கு விற்கும் உரிமை தரும் ஆப்ஷன்) நினைத்த பக்கமே போயிற்று. கொடுக்க வேண்டிய பங்கும் டீமேட்டில் இருந்தது. அப்படியும் எக்ஸ்பைரிக்கு (ஒப்பந்தம் முடியும் நாளுக்கு) முந்தின நாள் வரை நிம்மதியில்லை. காரணம், அந்தப் பங்குகள் மார்ஜினுக்காக (வர்த்தகத்துக்குக் காட்ட வேண்டிய பிணைத்தொகை) பிளெட்ஜில், அதாவது அடகில், இருந்தன.

என்எஸ்இ-யில் பங்கு ஆப்ஷன்கள் ஐரோப்பிய வகை. நடுவில் எக்ஸர்சைஸ் செய்ய (உரிமையைப் பயன்படுத்த) வழியே கிடையாது, ஆப்பில் அதற்குப் பட்டன் தேட வேண்டாம். எக்ஸ்பைரியன்று (2025 செப்டம்பர் முதல் மாதத்தின் கடைசி செவ்வாய்) பங்கு ஸ்ட்ரைக்குக் (புட்டில் குறித்த விலைக்கு) கீழே முடிந்தால் தானாக நடந்துவிடும். நிஃப்டி புட் என்றால் வித்தியாசம் பணமாக வரும். தனிப் பங்கில் 2019 அக்டோபரிலிருந்து எல்லாமே டெலிவரி: பங்கைக் கொடுத்தால்தான் ஸ்ட்ரைக் விலை கைக்கு வரும்.

புரோக்கரின் உதவி எண்ணில் கேட்டதற்கு, "அது ஆட்டோமேட்டிக் சார், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார்கள். பாதிதான் உண்மை. பிளெட்ஜில் உள்ள பங்கை டெலிவரிக்கு எடுக்க முடியாது. நேரம் தாண்டி விடுவிப்பு கேட்டால் மறுநாள்தான் வேலை நடக்கும். அதைவிடப் பெரிய சிக்கல்: பிளெட்ஜை எடுத்ததும் அந்தப் பங்கு தந்த மார்ஜின் போய்விடும். ஐடிஎம் (பங்கு ஸ்ட்ரைக்குக் கீழே நிற்கும்) புட்டுக்கான டெலிவரி மார்ஜினோ எக்ஸ்பைரிக்கு நான்கு நாள் முன்பே தொடங்கி நாளுக்கு நாள் ஏறும். ரொக்கம் போட்டுத்தான் சமாளிக்க முடிந்தது. போடாவிட்டால் கிடைத்த விலைக்குப் புரோக்கரே பொசிஷனை முடித்துவிடுவார். பிளெட்ஜை ஒரு வாரம் முன்பே எடுத்துவிடுங்கள்.

பங்கே இல்லாமல் புட்டை எக்ஸ்பைரிக்கு விடுபவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். 500 ஸ்ட்ரைக், லாட் (ஒரு ஒப்பந்தத்தில் உள்ள பங்குகள்) 700, பிரீமியம் (பங்குக்குப் புட்டின் விலை) 12 என்றால் செலவு 8,400 ரூபாய். பங்கு 470-ல் முடிந்தால் 12,600 லாபம் என்று தோன்றும். கொடுக்கப் பங்கு இல்லையென்றால் எக்ஸ்சேஞ்ச் உங்கள் செலவில் ஏலத்தில் வாங்கும். அங்கே விலை 20 சதவீதம் மேலே, 564 வரை போனால், பங்குக்கு 64 (564 - 500) வீதம் 44,800 ரூபாய் நஷ்டம். பிரீமியமும் போச்சு.

ஸ்ப்ரெட் (ஒரு புட்டை வாங்கி இன்னொன்றை விற்பது) போட்டவர்களுக்கும் இதே ஆபத்து. 500 புட் வாங்கி 480 புட் விற்றிருந்து பங்கு 490-ல் நின்றால், விற்றது காலாவதியாகும், வாங்கியது மட்டும் டெலிவரிக்கு நிற்கும். பங்கு 480-க்குக் கீழே போனால்தான் இரண்டும் கழிந்துபோகும்.

விற்று வெளியேறலாமென்றால், ஆழமான ஐடிஎம் புட்டுக்குக் கடைசி நாளில் நல்ல விலை கிடைப்பதில்லை. 40 ரூபாய் பெறுமானத்துக்கு 36 கேட்பார்கள். அதே பங்கின் அதே மாத ஃபியூச்சர்ஸை (எக்ஸ்பைரியில் பங்கை வாங்கும் ஒப்பந்தம்) ஒரு லாட் வாங்கிவிட்டால் போதும்: புட்டின் கொடுக்கலும் ஃபியூச்சர்ஸின் வாங்கலும் கழிந்து டெலிவரி பூஜ்யமாகும். அதற்கு மார்ஜின் மட்டும் கையில் இருக்க வேண்டும்.

டிடிபிஐ (புரோக்கர் டீமேட்டிலிருந்து பங்கை எடுக்கத் தரும் நிரந்தர அனுமதி) கொடுக்காதவர்கள் டிபின் (பங்கை எடுக்க அனுமதிக்கும் ரகசிய எண்) போட்டுப் பங்கை அனுமதிக்கவும் மறக்க வேண்டாம். அதைத் தவறவிட்டால், டீமேட்டில் பங்கு இருந்தும் ஏலம்தான்.