கோட்டைத் தாண்டிய கால்
கிருஷ்ணகிரியில் மாலை நேரக் கூடைப்பந்தாட்டங்களில் அதிகம் எழும் சச்சரவு எல்லைக்கோட்டைப் பற்றியதுதான். பன்னாட்டு விதிப்படி 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட ஆடுகளத்தில் அந்தக் கோடு சேராது. ஆகவே கோட்டை மிதித்தாலே வெளியே சென்றதாகும். ஆனால், உள்ளிருந்து தாவி அந்தரத்தில் கோட்டைக் கடக்கும் ஆட்டக்காரர், தாம் கடைசியாகக் காலூன்றிய இடத்திலேயே இருப்பதாகக் கருதப்படுவதால், கீழே இறங்குவதற்குள் பந்தை உள்ளே தட்டிவிட்டால் ஆட்டம் தொடர வேண்டும். அப்போதும் விசில் ஊதச் சொல்லி ஓரத்திலிருந்து கூச்சலிடுகிறார்கள் (நம்மூரில் நடுவர்களுக்கா பஞ்சம்!). வெளியிலிருந்து தாவி வருபவருக்கும் இதே கணக்குதான்: உள்ளே கால் படுவதற்கு முன் பந்தைத் தொட்டால், பந்து எதிரணிக்கு. பந்துடன் உள்ளே நிற்பவர், வெளியே நிற்கும் இன்னோர் ஆட்டக்காரரை உரசினால் தவறில்லை. வெளியே கிடக்கும் நாற்காலியில் பட்டால் தவறு.