துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்

எங்கள் வட்டாரத்துத் துப்பாக்கி உரிமதாரர்களுக்கு நான் அனுப்பும் அழைப்பின் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: உரிமப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவாருங்கள், துப்பாக்கியை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு வாருங்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை, முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, காரைக்குடியில் உள்ள எங்கள் ஐயா வீட்டு முகப்பில் இருபது, இருபத்தைந்து பேர் கூடுகிறோம். துப்பாக்கி இல்லாமல் துப்பாக்கிக்காரர்கள் கூடி என்ன செய்வார்கள் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வருகிறவர்களில் பாதிப்பேர் முன்னாள் படைவீரர்கள். சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து இராணுவத்துக்குப் போய், ஓய்வுபெற்றுத் திரும்பி, சொந்தப் பெயரில் '12 போர்' (bore) என்னும் குழல் அளவுள்ள இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு உரிமம் வாங்கி வங்கி வாசலில் காவல் நிற்பவர்கள். நகைக் கடையும் அடகுக் கடையும் நடத்தும் சிலர் .32 ரிவால்வர் வைத்திருக்கிறார்கள். என்னைப் போல, ஐயா வாங்கிய துப்பாக்கியை வாரிசாகப் பெற்றவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக நான் கண்டது தனிமை. இடுப்பில் ஆயுதம் இருப்பதை நெருங்கிய உறவினரிடம்கூடச் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அதனாலேயே, தெரியாத ஒன்றைக் கேட்டுத் தெளிவதற்கும் ஆள் கிடைப்பதில்லை.

முதல் கூட்டத்தில் அந்த வரி அழைப்பில் இல்லை. அது என் தவறு. வந்திருந்த கடைக்காரர் ஒருவர் பேச்சின் நடுவே சட்டையை உயர்த்தி, உறையிலிருந்து ரிவால்வரை எடுத்துப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம் கொடுத்தார். நான்காவது கைக்குப் போனபோதுதான், வங்கியில் காவல் பார்க்கும் பெரியவர் ஒருவர் எழுந்து, அதை வாங்கி, உருளையைத் திறந்து பார்த்தார். ஆறு தோட்டாக்களும் உள்ளே இருந்தன. இரண்டாம் கட்டில் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்த சமையல்காரரின் பேரன் அந்நேரம் நிலைவாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று மதியச் சாப்பாட்டில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது 1791-ஆம் ஆண்டின் இரண்டாம் அரசியல் சாசனத் திருத்தத்தால் காக்கப்பட்ட உரிமை. அங்கே பல மாநிலங்களில், துப்பாக்கியை இடுப்பில் தரித்தபடியே இத்தகைய சந்திப்புகளுக்கு வருவது இயல்பான காரியம். நம் நாட்டில் அது உரிமையன்று, 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தரும் அனுமதி. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறைக்குள், முழுவதும் மறைத்து, தன் கட்டுப்பாட்டில் வைத்தே எடுத்துச் செல்ல வேண்டும் என்றும், பிறர் பார்க்க வீசிக் காட்டக்கூடாது என்றும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் சொல்கின்றன. திருமண வீடுகளில் மகிழ்ச்சிக்காகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குகிறவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. இருபது பேர் இருபது துப்பாக்கிகளோடு ஒரு வீட்டுக்குள் நுழைவதைத் தெருவில் பார்க்கிறவர் என்ன நினைப்பார் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்பாக, நாள், இடம், வருவோர் எண்ணிக்கை, ஆயுதம் எதுவும் கொண்டுவரப்படாது என்னும் உறுதி ஆகியவற்றை எழுதி உள்ளூர்க் காவல் நிலையத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்கிறேன்.

கைப்பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு பொருள் வேண்டியிருந்தது. எங்கள் ஊர் ஆசாரி ஒருவர், பழைய வீட்டு நிலைகளைச் செப்பனிட்டு மீந்த பர்மாத் தேக்கில், இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை அளவு மாறாமல் செய்துகொடுத்தார். குழலை மடக்கித் திறந்து, இரண்டு அறையும் வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, குழலைத் தரையை நோக்கி வைத்துக்கொண்டு, விசையில் விரல் படாமல் அடுத்தவரிடம் கொடுப்பது எப்படி என்பதை அந்த மரத் துப்பாக்கியில்தான் பழகுகிறோம். முப்பது ஆண்டு துப்பாக்கி வைத்திருந்தவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். சுட்டுப் பழக வேண்டும் என்று கேட்கிற இளைஞர்களை மதுரையிலோ புதுக்கோட்டையிலோ உள்ள சுடுதளங்களுக்கு அனுப்புகிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் பிரிவில் கலந்துகொண்ட பிரித்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டைக்காரர் என்பதால் அவர்களுக்கு அதில் தனி ஆர்வம் இருக்கிறது.

மற்றபடி பேச்செல்லாம் காகிதத்தைப் பற்றியது. செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என இரு மாவட்டங்களில் பரவிக்கிடப்பதால், பக்கத்து ஊர்க்காரர்களே வேறு வேறு ஆட்சியர் அலுவலகங்களுக்குப் போகிறார்கள். ஒருவர் பட்ட அனுபவம் மற்றவருக்குப் பயன்படுவது வட்டார அளவில் கூடும்போதுதான். மூன்று ஆண்டாக இருந்த உரிமக் காலம் ஐந்து ஆண்டாக ஆனதும், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்ததும் 2019-இல்தான். பழைய வீட்டுக்காரர்கள் சிலருக்கு இந்த இரண்டாவது செய்தியே கூட்டத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்போது வங்கிக் காவலர்கள், யார் ஒப்படைக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் மாவட்டத் தேர்வுக் குழுவிடம் விலக்குக் கேட்டு எப்படி எழுத வேண்டும் என்று 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் ஒரு காலை முழுவதும் உட்கார்ந்து மனு எழுதினோம்.

ஆயுதத்துக்கு அரசின் அனுமதி என்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24-இல் எங்கள் சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த டிசம்பரிலேயே சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ், தென்பாளையங்களின் மக்கள் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து அறிவிப்பு வெளியிட்டார். வேலும் வளரியும் துப்பாக்கியும் வீடுகளிலிருந்து அகன்றன. திருப்பத்தூரிலிருந்து வருகிற நண்பர் உரிமப் புத்தகத்தை நீட்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

போன ஆண்டு தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவர் கூட்டத்துக்கு வந்தார். அவர் கணவர் காலமாகி இரண்டு ஆண்டாகியிருந்தது. துப்பாக்கி, வளவு வீட்டு அறையில் இரும்புப் பெட்டிக்குள் அப்படியே இருந்தது. "அவுக வச்சதை நான் தொடலை தம்பி, அது தப்பா?" என்று கேட்டார். தப்புதான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. முதல் கூட்டத்தில் உருளையைத் திறந்து பார்த்த அந்தப் பெரியவர்தான் பக்கத்தில் அமர்ந்து பொறுமையாக விளக்கினார். உரிமதாரர் இறந்தவுடன் அந்த ஆயுதத்தை வீட்டில் வைத்திருக்கும் அனுமதியும் முடிந்துவிடுகிறது. தாமதிக்காமல் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். அதன்பின் வாரிசு தன் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். உரிமதாரர் எழுபது வயதை எட்டினாலோ, இருபத்தைந்து ஆண்டு அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம் என்பதை அவர் கணவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாளே எங்களில் இருவர் ஆச்சியோடு காவல் நிலையத்துக்கு எழுதிப் போய், அங்கிருந்து ஆள் வந்து எடுத்துப்போகும்வரை உடன் இருந்தார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், ஊர் திரும்பியதும் விண்ணப்பிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு ஆச்சி வந்தபோது கையில் அந்த ரசீது இருந்தது. அதை எல்லோரும் வாங்கிப் பார்த்தோம். துப்பாக்கியின் எண்ணோடு, எடுத்துச்சென்ற தோட்டாக்களின் எண்ணிக்கையையும் கேட்டு எழுதி வாங்கியிருந்தார். தேர்தலுக்குத் தேர்தல் ஒப்படைத்துவந்த எங்களில் பலர் அதுவரை அப்படிக் கேட்டு வாங்கியதில்லை.