மூக்கை நிழலால் வரையுங்கள்

உயர்தரத்தில் சித்திரம் எடுத்த காலத்திலிருந்து நான் அதிகம் வரைந்த உறுப்பு மூக்குதான். கண்ணுக்கு இமை உண்டு, உதட்டுக்குச் சிவப்பு உண்டு. அவற்றின் ஓரம் எங்கே என்று பார்த்தவுடன் தெரியும். மூக்குத்தண்டு அப்படியே சரிந்து கன்னத்தோடு சேர்ந்துவிடுகிறது. பல்கலைக்கழகச் சித்திரப் படிப்புக்கான உளச்சார்புப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் தம்பி தங்கையருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: நேர்முகத் தோற்றத்தில் இரண்டு பக்கமும் நீளக் கோடு இழுத்து மூக்கை அடைக்காதீர்கள். வெளிச்சம் படும் பக்கத்தையும் படாத பக்கத்தையும் பிரித்துக் காட்டினாலே மூக்கு எழுந்து நிற்கும்.

பென்சிலைத் தொடுமுன் உங்கள் மூக்கைத் தொட்டுப் பாருங்கள். மேலே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எலும்பு, அசையாது. அதற்குக் கீழே குருத்தெலும்பு, வளையும். எலும்பு முடியும் இடத்தில் பலருக்குச் சிறு மேடு இருக்கும். அங்கே நிழலின் அகலமும் மாறும். முழு மூக்கையும் மேற்பக்கம், இரு சரிவுகள், அடிப்பக்கம் என நான்கு தளங்களாகப் பார்க்கப் பழகுங்கள். இவற்றில் அடிப்பக்கத்தைத்தான் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. அது நிலத்தை நோக்கியிருப்பதால், மேலிருந்து வெளிச்சம் வரும்போது நிழலில் விழுகிறது. மூக்கு முகத்திலிருந்து முன்னே நீண்டு தெரிவதே அந்த நிழலால்தான்.

ஆகவே வெளிச்சத்தைத் தெரிவு செய்வது பாதி வேலை. நண்பகலில் வெள்ளை மணல் முற்றத்தில் ஒருவரை இருத்தி வரையாதீர்கள். மணலில் பட்ட வெயில் மேலே தெறித்து அடிப்பக்க நிழலைக் கரைத்துவிடும். ஓர் அறையில் ஒரே யன்னலைத் திறந்துவிட்டு, கதிரையை அதற்குச் சற்றுப் பக்கவாட்டாகப் போடுங்கள். கைப்பேசி ஃபிளாஷில் எடுத்த படத்தைப் பார்த்து வரைவதும் வேண்டாம். அதில் மூக்கு தட்டையாகிவிடுகிறது.

என் அப்பம்மாவின் மூக்கு எனக்கு நல்ல பாடம். மூக்குத்தி குத்திய மடலின் மேல் ஒரு சிறு குழி, அதற்குக் கீழே கல்லின் நிழல். மடலும் கன்னமும் சேரும் மடிப்பு பின்புறம் கூர்மையாகத் தொடங்குகிறது. தண்டை நோக்கி ஏற ஏற மங்கி மறைகிறது. அந்த மடிப்பை ஒரே அழுத்தத்தில் இழுத்தால் மடல் ஒட்டவைத்த துண்டுபோல் ஆகிவிடும். துவாரத்தின் விளிம்பில் மடலின் தடிப்பும் தெரியும். அந்த மெல்லிய வெளிர் பட்டையை விட்டுவிட்டால் தோல் கடதாசியாகிவிடும்.

அளவுகளைக் குறிக்க எச்பி பென்சில் போதும். புருவத்துக்கும் நாடிக்கும் நடுவில் மூக்கின் அடி, கண்களின் உள்முனைகளிலிருந்து இறங்கும் கோடுகளுக்குள் மடல்கள் என்பது பாடநூல் அளவு. நம்மவர் பலரின் மடல்கள் அந்தக் கோடுகளைத் தாண்டும். கையை நீட்டிப் பென்சிலால் அளந்து, எதிரில் இருப்பவருக்கு உரிய அகலத்தையே வையுங்கள். மூக்கைச் சிறிதாக்கி அழகுபடுத்துவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

வெளிநாட்டுப் பயிற்சிப் படங்களில் பெரும்பாலும் வெளிறிய தோல். அவர்கள் தாளின் வெண்மையைத் தாராளமாக விட்டுவைப்பார்கள். நம் மாநிறத்துக்கு அது பொருந்தாது. முதலில் மூக்கு முழுவதும் எச்பியால் ஒரு மென்மையான சாயை பூசுங்கள். அதைவிடக் கருமையான 2பி பென்சிலால் நிழற்பக்கத்தை ஒரே தொனியில் நிரப்புங்கள். பிறகு இன்னும் கருமை வேண்டிய இடங்களுக்கு 4பி. நுனியிலும் எலும்பு முடியும் மேட்டிலும் தெரியும் வியர்வை மினுக்கத்தை, பிளேடால் கூராக வெட்டிய அழிறப்பரின் முனையால் எடுத்துவிடலாம். விரலால் தேய்க்கவே வேண்டாம்; விரலின் எண்ணெய் படிந்த இடம் பிறகு திட்டுத்திட்டாகும்.

துவாரம் கடைசியில்தான். மேல்விளிம்பு கருமை, கீழ்விளிம்பு மேலுதட்டை நோக்கிக் கரையும். 6பி-யை மிக ஆழமான சிறு மூலையில் மட்டும் அழுத்துங்கள். நுனியின் அடியில் மேலுதட்டிலிருந்து தெறிக்கும் மங்கிய வெளிச்சத்தை நிழல் விழுங்க விடாதீர்கள்.

அச்சுவேலி மண்ணின் ஓவியர் ஆசை இராசையாவின் உருவப்படங்கள் எங்கேனும் பார்க்கக் கிடைத்தால், மூக்கின் அருகே நின்று நிதானமாகப் பாருங்கள். பக்கத்தோற்றத்துக்குப் பருத்தித்துறை பஸ் நல்ல பள்ளிக்கூடம். லியனார்டோ டா வின்சி பக்கத்தோற்ற மூக்குகளை 10 வகையாகப் பிரித்து நினைவில் வைக்கச் சொன்னார். யன்னலோர முகங்களில் அவற்றைத் தேடலாம்.

நேர்முகம் கைவந்தபின் முக்கால்பக்கத் தோற்றத்துக்குப் போங்கள். அப்பால் உள்ள மடல் பாதி மறையும். தண்டின் தூர ஓரம் கன்னத்தின் முன் வெட்டித் தெரியும். அங்கே மட்டும் தெளிவான ஓரம் தேவை. அதையும் அப்பாலுள்ள கன்னத்தைச் சற்றுக் கருமையாக்கி எடுத்துவிட்டால், கோட்டின் வேலை மிகக் குறைந்துவிடும்.