எண்ணெய்

"ஏன் தம்பி விரிஞ்சது?"

"மரம் காய்ஞ்சிருச்சு ஐயா."

மூன்று வருடமாகிறது. அந்தப் பதிலை இன்னும் மனசுக்குள் திருத்தித் திருத்திச் சொல்லிப் பார்க்கிறேன்.

துப்பாக்கி பழுதுபார்க்கும் எங்கள் கடைக்குக் குடகிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், எஸ்டேட்டில் ஆட்களோடு பேசிப் பழகிய தமிழ். குடகுக்காரர்களான கொடவர்களுக்கு ஆயுதச் சட்டத்தின் உரிமத்திலிருந்து விலக்கு உண்டு, அந்தச் சான்றிதழ் எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, கட்டை விரிந்திருந்த ரைஃபிளைப் பழுதுபார்க்க வாங்கி வைத்தேன். மௌசர் ஆக்ஷன், அதாவது தோட்டாவை ஏற்றிச் சுடும் இரும்புப் பகுதி; குழல் அளவு .275. வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் வைத்திருந்த அதே அளவு என்று நான் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்தது. தாத்தா வாங்கியதாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது காட்டுக்குப் போனதே இல்லை. கொடவர்களின் ஆயுதப் பண்டிகையான கைல்போல்து அன்று பூஜைக்கு வைப்பார்கள், அதன் மேல் தோக்குப்பூ சூட்டுவார்கள். நம் செங்காந்தள்தான் அது. அங்கே அதற்குத் துப்பாக்கிப்பூ என்று பெயர். ஆண்பிள்ளை பிறந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, சாவுக்கு இரண்டு.

"அம்பது வருஷமா என் கையால எண்ணெய் போடறேன். ஒரு பண்டிகையும் தவறினது இல்ல," என்றார். நான் இன்னும் ரைஃபிளின் மரக்கட்டையைக் கழற்றியிருக்கவில்லை.

கழற்றினேன். விரிசல் எதிர்பார்த்த இடத்தில்தான், பிடிக்கழுத்தில், ஆக்ஷனின் இரும்பு வால் முடியும் இடத்திலிருந்து இரண்டு அங்குலம் பின்னோக்கி ஓடியிருந்தது. ஆனால் உள்ளே மரம் கருத்திருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. நல்ல வால்நட் அப்படி அமுங்காது. எண்ணெயைத் தாராளமாகப் போட்டு, குழல் மேலே பார்க்கச் சுவரில் சாய்த்து வைத்தால் அத்தனையும் இறங்கி, பின்பக்க மரத்தில்தான் ஊறும். ஊறின மரம் மெத்தென்று ஆகிவிடும். குழலுக்கு அடியில் உதைப்பைத் தாங்கும் கட்டி அந்த மெத்து மரத்தில் அமுங்கி, ஆக்ஷன் ஒரு மயிரிழை பின்னால் நகரும். அடுத்த வெடிக்கு அந்த வால் ஆப்பு மாதிரி கட்டையைப் பிளந்துவிடும்.

அதாவது, காய்ந்ததால் வந்த விரிசலே இல்லை அது. நேர் எதிர். அவருடைய ஐம்பது வருட பக்திதான் அதைப் பிளந்தது.

அதை அவரிடம் எப்படிச் சொல்வது? வாடிக்கையாளர் மேல் குற்றம் சொல்லாதே என்பது எங்கள் முதலாளியின் வேதம். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் அன்றைக்கு முதலாளி கடையிலேயே இல்லை. பெரியவர் மனசு நோகக்கூடாது என்று நினைத்தேன் என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொள்கிறேன். மணி ஒன்றரை, எனக்குப் பசி, உண்மையைச் சொன்னால் அரைமணி நேரம் விளக்க வேண்டும். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு சரியாக வரும்.

நான் பதில் சொன்னதும் அவர் தலையாட்டினார். "அப்ப இனிமே எண்ணெய் ஜாஸ்தி போடறேன்."

அந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம். வாய் வரை வந்தது. "அளவா போடுங்க ஐயா," என்றேன். "எனக்கா அளவு தெரியாது?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

வேலையில் குறை வைக்கவில்லை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அசிட்டோனில் சாக்பவுடரைக் குழைத்துப் பூசுவது, அது உறிஞ்சிப் பழுப்பானதும் தட்டிவிட்டு மறுபடி பூசுவது. ஒன்பது தடவை. பொடி வெள்ளையாகவே நின்ற பிறகுதான் அரால்டைட் எபாக்ஸிப் பசையைத் தொட்டேன். லேசாகச் சூடு காட்டினால் தண்ணீர் மாதிரி இளகி விரிசலின் அடிவரை போகும். சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றி இறுக்கி ஒரு நாள் முழுக்க விட்டேன். குறுக்கே மரை போட்ட பித்தளைக் கம்பி ஒன்று. உதைப்புக் கட்டிக்குப் பின்னால் இருந்த மெத்து மரத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, எஃகுத்தூள் கலந்த எபாக்ஸியில் புது இருக்கை. வாலுக்குப் பின்னால் ஒரு அஞ்சலட்டை நுழையும் இடைவெளி. கடைசியில் ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்தேன். அதுவும் எண்ணெய்தான், ஆனால் காய்ந்து இறுகும் எண்ணெய். துப்பாக்கி எண்ணெய் என்றைக்கும் காயாது. இந்த வித்தியாசத்தை அவருக்குச் சொல்லக் கால் நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஆகஸ்ட் கடைசியில் வந்து வாங்கிப் போனார். விரிசல் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவித் தேடினார், கிடைக்கவில்லை. "என் சாவுக்கு ரெண்டு வெடி தாங்குமா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான். "தாங்கும் ஐயா." அது பொய் இல்லை. அன்றைய நிலையில் இருபது வெடிக்கும் தாங்கும். எபாக்ஸி விடாது. சுற்றியிருக்கிற மரத்துக்கு நான் எப்படி ஜவாப் சொல்வது? வருடா வருடம் செப்டம்பர் 3, கைல்போல்து நாள் வந்தால், யாரோ தாராளமாக எண்ணெய் ஊற்றும் காட்சிதான் கண்ணில் நிற்கிறது. தொலைபேசி எண் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். கேட்கிற குரல் அவருடையதாக இல்லாமல் போனால் என்ன பேசுவது என்று வைத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் செய்தேன். கட்டையை மூடுவதற்கு முன்னால், குழல் உட்காரும் பள்ளத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்: 'எண்ணெய் ஊறிப் பிளந்தது. குழல் கீழே பார்க்க வைக்கவும்.' அடுத்துத் திறப்பவருக்காக. தமிழில் எழுதினேன். மைசூரில் படித்தவன் நான், கன்னடம் நன்றாகவே எழுத வரும்.