செம்மண்ணுக்கு ஏத்த முதல் மெட்டல் டிடெக்டர்

நம்ம கொங்குச் செம்மண்ணில் இரும்புத்தாது அதிகம். அதனால் கிரவுண்ட் பேலன்ஸை (மண்ணில் இருக்கும் இரும்புத்தாதுக்கு மெஷின் சத்தம் போடாமல் அடக்கும் செட்டிங்) கையால் திருத்த முடிகிற மெஷினாகப் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் "மூணு மீட்டர் ஆழம்" எல்லாம் சும்மா; ஒத்தை ரூபாய்க் காசு 20 செ.மீ.யில் சிக்கினாலே பெரிசு.

பேலன்ஸ் சரியா என்று பார்க்க, உலோகம் இல்லாத இடத்தில் காயிலை (மெஷினின் அடியில் இருக்கும் வட்டத் தலை) தரையிலிருந்து 30 செ.மீ. தூக்கி, 3 செ.மீ. வரை இறக்குங்கள். இறக்க இறக்கச் சத்தம் மாறினால் பேலன்ஸ் இன்னும் சரியாகவில்லை.

9 இன்ச் காயில் போதும். சாளையோரம் (தோட்டத்து வீட்டுப் பக்கம்) ஆணியும் மாட்டு லாடமும் நெருக்கமாகக் கிடக்கும். பெரிய காயில் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் குழப்பிவிடும். டிஸ்கிரிமினேஷனில் (வேண்டாத உலோகத்துக்குச் சத்தம் வராமல் செய்யும் செட்டிங்) இரும்பை மட்டும் தள்ளுங்கள். ஜிகினாத் தாளையும் தள்ளினால் மெல்லிய தங்கத் தோடும் அதோடு போய்விடும்.

தொல்லியல் அகழாய்வு நடந்த கொடுமணல் பக்கம் போகவே வேண்டாம். சொந்தத் தோட்டத்திலேயே என்றாலும், 10 ரூபாய்க்கு மேல் பெறுமான புதையலை 1878ஆம் வருடச் சட்டப்படி கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.